யாரும் மிதிக்காத வாசற்படி

ஆளில்லாத கட்டடத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அவர் வாசலில் நின்று குரல் கொடுப்பார்.

"உள்ள யார்னா கீறீங்களா?"

கூரை எப்போதோ இறங்கியிருக்கும். சுவரைப் பிளந்துகொண்டு அரசங்கன்று நிற்கும். உள்ளே ஆட்டுப் புழுக்கையும் உடைந்த பாட்டில்களும் தவிர எதுவும் இருக்காது. அதற்கும் இதே கேள்விதான். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை நிற்பாரே, அப்படி. அவர் பின்னால் கேமரா ஸ்டாண்டைத் தோளில் சுமந்தபடி, வெளிச்சம் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

திருவொற்றியூர் கடைத்தெருவில் அந்த அம்மாவுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. அப்பாவிடமிருந்து வந்தது. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் பிழைப்புக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த மாதங்களில் அப்பா காலத்து ஃபிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுக்கொண்டு எண்ணூர் பக்கம் கிளம்பிவிடுவார். அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரிகிற தூரத்திலேயே கழிமுகத்தை ஒட்டி இன்னும் பாதி கிராமம்தான். கைவிட்ட உப்புக் கிடங்குகள், பம்பு ஹவுஸ்கள், ஜனம் வெளியேறிவிட்ட குப்பங்களில் மிச்சமிருக்கும் சுவர்கள். அவற்றை எடுப்பார்.

நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ராயபுரத்தில் வீடு. காலமான என் மனைவியின் படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கப் போனபோது, மணமக்கள் படங்களுக்கு நடுவே ஓர் உப்புக் கிடங்கு தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"இது எங்கேம்மா எடுத்தது?"

"அத்திப்பட்டாண்ட. பயமா கீதா? அல்லாரும் பேய் வூடு மாதிரி கீதுன்றாங்க."

"ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா கீதுன்னு எனக்கே தெரியும் வாத்யாரே. வேற எதுனா சொல்லுங்க."

அடக்கம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அது பிடித்துப்போனது. அன்றே என் மனத்தில் ஒரு புத்தகம் உருவாகிவிட்டது. படங்கள் அவருடையவை, எழுத்து என்னுடையது, முதலில் ஒரு கண்காட்சி. அவர் கேட்காமலே நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அந்தக் குரல் கொடுப்பது வெறும் தொடக்கம் என்று. பதில் வராவிட்டால், கடைசியாக அங்கே இருந்தது யார் என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவார். டீக்கடை, ரேஷன் கடை, வலை காயப்போடுகிறவர்கள் என்று யாரையும் விடமாட்டார். ஆளைக் கண்டுபிடித்து, அவர் 'எடுத்துக்கோ' என்று சொன்னால்தான் பொத்தானை அழுத்துவார். இப்படியே ஒரு மார்கழி முழுவதும் போய், கையில் இரண்டு படம் மிஞ்சும்.

உப்பு ஆபீஸ் என்று ஜனங்கள் சொல்லும் ஒரு பாழடைந்த கட்டடம். அதன் காவற்காரர் இறந்து நெடுநாளாகிவிட்டது. மகன் புளியந்தோப்பில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே என்னை இழுத்துக்கொண்டு போனார். ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படியில் நின்றபடியே அந்த மனிதர் கேட்டார்.

"எங்கப்பன் அங்கதான் செத்தான். அந்தக் கலீஜ் புடிச்ச எடத்த இன்னாத்துக்கு போட்டோ புடிக்கிற?"

"வாணாம்னா வாணாம் தம்பி," என்று திரும்பிவிட்டார். பஸ்ஸில் எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"அது அரசாங்கக் கட்டடம். அந்த ஆள்கிட்ட என்ன அனுமதி?"

"அரசாங்கமா வாத்யாரே அங்க தூங்கிச்சு?"

எரிச்சலில் ஒன்று சொன்னேன். ஸ்டுடியோவுக்கு வருகிற கல்யாணப் பெண்களின் மச்சத்தை அவர் கேட்காமலே கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார். நெற்றியைச் சிறிதாக்குவார். ஒரு மாப்பிள்ளைக்குத் தலைமுடி முளைக்கவைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"உயிரோட இருக்கிறவங்க முகத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாத்துறீங்களே?"

"அவுங்களுக்கு வாய் கீது வாத்யாரே. புடிக்கலன்னா கடைக்கு வந்து கத்துவாங்க. செவுரு வந்து கத்துமா?"

ஒருமுறை எண்ணூருக்கு அப்பால் ஒரு பம்பு ஹவுஸ். வழக்கம்போல் குரல் கொடுத்தார். உள்ளே சலசலப்பு. பாம்பு என்று நினைத்து நான் பின்வாங்கினேன். வெளியே வந்தது ஒரு பையனும் ஒரு பெண்ணும். பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சாரிக்கா," என்றான் பையன்.

"சாரியாவது பூரியாவது. பூச்சி பொட்டு கீற எடத்துல ஒரு பொண்ணக் கூட்டிகினு வருவியா, கயிதே? பீச்சு பூட்ச்சா?" என்று ஒரு மூச்சுத் திட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஸ்டுடியோ அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். "வூட்ல ஒத்துகினாங்கன்னா வா. ஆல்பம் கொறச்சி போட்டுத் தரேன்."

அவர்கள் வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்களாம். அந்தப் பெண்ணின் மச்சத்தையும் அழித்துவிட்டாராம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

கண்காட்சிக்குத் தேதி குறித்தாகிவிட்டது. என் பழைய மாணவர் ஒருவர் கல்லூரி அரங்கத்தை வாங்கித் தந்திருந்தார். அழைப்பிதழின் அட்டைக்குப் போட ஒரு படம் வேண்டும், பார்த்ததும் ஆளை நிறுத்துகிற படம். இருந்தவற்றில் அப்படி ஒன்று இல்லை. மார்கழி முடியப்போகிறது. ஒரு சனிக்கிழமை காலையில் கழிமுகத்தின் ஓரமாக ஒரு சிறு வரிசை வீடுகளுக்குப் போனோம். கடைசி வீடு மற்றவற்றிலிருந்து தள்ளி, தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. செங்கல் சுவர்கள் மட்டும். கூரை இல்லை, கதவு இல்லை. தண்ணீரில் அந்த வீடு தலைகீழாகத் தெரிந்தது.

அவர் குரல் கொடுத்தார். பதிலில்லை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, குனிந்து பார்த்து, எல்லாம் சரிசெய்தார். பிறகு வாசல் நிலையின் அருகே போய்க் கீலில் விரலை வைத்துத் தேய்த்து என்னிடம் காட்டினார். எண்ணெய்.

"ஒடச்சி எடுத்துகினு போறவன் கீலுக்கு எண்ண போடுவானா வாத்யாரே? இரு, ரோட்டாண்ட டீக்கடைல கேட்டுகினு வரேன். எதையும் தொடாத."

நான் தனியாக நின்றேன். மழை மேகம் ஒன்று மெல்ல நகர்ந்துவந்து வீட்டுக்கு நேர் மேலே நின்றது. கூரையில்லாத வீட்டுக்கு அதுவே கூரை போல அமர்ந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் கலைந்துவிடும். ரோட்டுப் பக்கம் பார்த்தேன். அவரைக் காணோம். அவர் எப்போது திரும்பிவருவார், எந்த ஊருக்குப் போகலாம் என்பார், எந்த மகனோ மகளோ எப்போது தலையசைப்பார் என்றெல்லாம் நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொத்தானை அழுத்துவதற்கு முன் கேமராவில் குனிந்து பார்த்தேன். வாசற்படியில் மஞ்சள் பூசியிருந்தது; கீலிலேயே கண்ணாக இருந்த அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. புதுமஞ்சள், நடுவே குங்குமப் பொட்டுகள். முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. யாரோ வந்து பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதை நான் பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். பார்த்தேன். பார்த்து, கறுப்பு வெள்ளையில் மஞ்சள் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தினேன்.

அவர் திரும்பிவந்தார். "ஒண்ணும் ஒயுங்கா தெரில. வியாசர்பாடில பொண்ணு வூட்டுக்குப் பூட்டாங்கன்றான் ஒருத்தன். அப்பால பாத்துக்கலாம், வா." கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தார். அழுத்தியதைச் சொல்லாமல் நான் ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ரோலை அவர்தான் இருட்டறையில் கழுவுவார். தான் எடுக்காத ஒரு படம் அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று போனேன். பிரிண்ட் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்மா நாளா எடுக்கறேன். ஒண்ணு கூட இந்த மாதிரி வரல," என்றார். குரலில் கோபமும் இருந்தது, ஆசையும் இருந்தது. அந்த ஆசையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அட்டைப்படம் இதுதான், உங்கள் பெயரில்தான் வரும், நாலு பேர் உங்களைத் தேடி வருவார்கள் என்றெல்லாம் பேசினேன்.

கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "வியாசர்பாடி போயி அந்த வூட்டுக்காரங்களப் பாத்து ஒரு வார்த்த கேட்டுகினு வா. அவுங்க சரின்னா போட்டுக்கோ. எனுக்கு இனிமே முகூர்த்தம், நான் நவர முடியாது."

போகிறேன் என்றேன். போகவில்லை. வெயில் என்று ஒருநாள், பஸ் கூட்டம் என்று ஒருநாள், அழைப்பிதழ் வேலை என்று ஒருநாள். அவர் கேட்டபோது, "பார்த்தேன், சரின்னுட்டாங்க," என்று சொல்லிவிட்டேன். சொல்வது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதுதான் இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. என்னை நம்புவதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. வாத்தியார் அல்லவா.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். 'பல ஆண்டுகளாக யாரும் மிதிக்காத வாசற்படி.' கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள்.

மாசி மாதம் இருக்கும். ஒரு காலையில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் கறுத்த ஓர் அம்மா, இடுப்பில் குழந்தையோடு இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் எங்கள் அழைப்பிதழ்.

"இதுல போட்டுகீறது ஒங்க கடை பேருதான?"

"ஆமாம்மா. இன்னா வோணும்?"

"ஏம்மா, எங்க வூட்ட யாரும் இல்லாத வூடுன்னு எய்தி வெச்சிகீறியே, ஒனுக்கு நான் இன்னாம்மா பண்ணேன்?"

விஷயம் இதுதான். கழிமுகத்தோரம் சாலை வரப்போகிறது. வரிசை வீடுகளை இடிக்கிறார்கள். குடியிருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு உண்டு. இந்த அம்மாவின் வீட்டை மட்டும் கைவிடப்பட்ட வீடு என்று அதிகாரி தள்ளிவிட்டார். கேட்டதற்கு, கண்காட்சிக்கு வந்தபோது வாங்கிப்போன இந்த அழைப்பிதழை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"கூரையே இல்லியேம்மா," என்று நான்தான் இழுத்தேன்.

"மயை காலத்துல உப்பு ஏது சாரு? நாங்க அல்லாம் வேற வேலைக்குப் பூடுவோம். தகரத்தையும் கதவையும் உட்டுட்டுப் போனா அட்த்த நாளே எவனாவது லவட்டிகினு பூடுவான். அதான் கயட்டி மீன்பாடி வண்டில ஏத்தியாந்து பொண்ணு வூட்ல வெச்சிருவோம். தை பொறந்தா திரும்ப மாட்டுவோம். அங்க கீறவங்க அல்லாருமே மயைக்குப் பூடுவாங்க. மத்தவங்களுக்குச் சொந்தக்காரங்க பக்கத்துலயே கீறாங்க, தகரத்த உட்டுட்டுப் போவாங்க. எனுக்கு யாரு கீறா?" மூச்சு வாங்கினார். "வாசப்படிய மட்டும் தூக்கியாற முடியாது. அத்துக்குத்தான் வெள்ளிக்கியமை வெள்ளிக்கியமை பஸ் ஏறிப் போயி மஞ்சா பூசிட்டு வருவேன்."

ஸ்டுடியோக்கார அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்போதுகூடச் சந்தேகம் இல்லை. எனக்கு ஏதோ விளக்கம் இருக்கும் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது.

"வாத்யாரே, இவுங்களாண்டதான கேட்டுகினு வந்த?"

"இவரா?" என்றார் உப்பளத்து அம்மா. "இவர நான் பாத்ததே இல்லியே."

டீ டம்ளரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்டுடியோக்கார அம்மா என்னைத் திட்டவில்லை. அன்றைக்கே கடையை மூடினார். நடு முகூர்த்தத்தில், இரண்டு கல்யாணங்களை வேறு ஸ்டுடியோவுக்குத் தள்ளிவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போனார்.

அதிகாரி மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"சார், படம் கறுப்பு வெள்ள. அதுல மஞ்சா தெரியாது. மண்ணு மாதிரிதான் தெரியும்," என்றார் ஸ்டுடியோக்கார அம்மா.

"மஞ்சள் இருந்ததுக்கு என்னம்மா ஆதாரம்?"

"நான் பார்த்தேன்," என்றேன்.

அதிகாரி அழைப்பிதழைப் புரட்டி, என் வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்தார். "பார்த்துட்டுத்தான் இப்படி எழுதினீங்களா சார்?"

கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"படம் எடுத்தது நான்தான். இந்த அம்மா எடுக்கல. இவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க," என்றேன்.

"ஆனா பேரு இவங்க பேருதானே போட்டிருக்கு?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் எழுதியதே சுவராக நின்றது. அதற்குப் பிறகு எத்தனை ஆபீஸ், எத்தனை மேசை! ஒருவர் மேலே கேட்க வேண்டும் என்பார். மேலே இருப்பவர் கீழேயே முடிக்க வேண்டியது என்பார். சாப்பாட்டு நேரம் முடியட்டும் என்று மரத்தடியில் உட்காருவோம். முடிந்ததும் அந்த நாற்காலிக்குரியவர் வெளியே போயிருப்பார். ஸ்டுடியோக்கார அம்மா இன்னொரு பிரிண்ட் போட்டு, பழைய நாளில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்களே, அதுபோல வாசற்படிக்கு மட்டும் மஞ்சள் தீட்டி எடுத்துவந்தார். குங்குமப் பொட்டுகளுக்கு என்னிடம்தான் இடம் கேட்டார். எங்கெங்கே இருந்தன என்று நான் சொன்னேன். ஒன்றுகூட மறக்கவில்லை.

"இது நீங்க பூசினதும்மா," என்று அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உப்பளத்து அம்மா தையிலேயே கதவையும் தகரத்தையும் திரும்ப மாட்டியிருந்தார்; வீடு கிடைக்கும் என்பதற்காக மாட்டியது என்றார்கள். இடிக்கிற வண்டி வந்தபோது அவற்றை மறுபடியும் கழற்றிக்கொண்டார். வரிசையில் மற்றவர்களுக்கு வீடு கிடைத்தது. அவருக்குப் 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது. இன்றும் அதே பதில்தான்.

போனதாகப் பொய் சொன்ன வியாசர்பாடிக்கு, எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனேன். மகளின் வீடு இரண்டாவது மாடியில். அந்தக் கதவு வராந்தாவில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே இடமில்லை. பிள்ளைகள் அதைக் கோல் போஸ்ட்டாக வைத்துப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மரம் அதிர்ந்தது.

உப்பளத்து அம்மா எட்டிப்பார்த்தார். என்னைக் கண்டதும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வா சாரு. தட்டிட்டு வரணும்னா தட்டு. கதவு வெளியதான கீது."

மகள், "சும்மா இரும்மா," என்று அதட்டினாள். நான் சிரிக்க முயன்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் உப்பு விலையைப் பற்றியும் மருமகனின் குடியைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். நான் கேட்பதற்கு இடமே தரவில்லை. வேண்டுமென்றுதான் தரவில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோக்கார அம்மா அதற்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் போகவில்லை. புத்தகப் பேச்சும் எழவில்லை. என்னிடம் சண்டை போடவும் இல்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி ஆறியிருப்பேன். ஒரே ஒரு மாற்றம்தான். 'வாத்யாரே' போய் 'சார்' வந்தது. 'வா' போய் 'வாங்க' வந்தது.

சென்ற ஆண்டு, முதியவர்களுக்கான பஸ் டோக்கனுக்குப் படம் வேண்டியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே நாலு கடை இருக்கிறது. ஆனாலும் திருவொற்றியூருக்குப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடி தடித்திருந்தது. "வாங்க சார்," என்றார். முக்காலியில் உட்காரவைத்தார்.

எதிர்ச் சுவரில் முன்பு உப்புக் கிடங்கு இருந்த இடத்தில் அந்த வீடு தொங்கியது. மஞ்சள் தீட்டிய பிரிண்ட். வெயில் படுகிற சுவர்; மஞ்சள் வெளுத்துவிடுமே என்று நினைத்தேன். வெளுக்கவில்லை. உற்றுப் பார்த்தபோது புரிந்தது, அது வண்ணமல்ல. குழைத்த மஞ்சள்தூள், சட்டத்தின் ஓரத்தில்கூடக் கொஞ்சம் வழிந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

"கொஞ்சம் மோவாயத் தூக்குங்க," என்றார். தூக்கினேன். கண்ணை மூடித் திறக்கச் சொன்னார். அப்படியே செய்தேன். கேமராவில் கண்ணை வைத்தார். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார்.

"உள்ள யார்னா கீறீங்களா?"

கேலிதான் என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கலாம். 'இருக்கேன்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் காத்திருந்தார். பாழடைந்த கட்டடங்களின் முன் நிற்பாரே, அதே பொறுமையோடு. அந்தப் பொறுமையின்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தது ஒருகாலத்தில்.

சிறிது நேரம் கழித்துக் கேமராவை இறக்கி வைத்தார்.

"அப்பால வாங்க சார், எடுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.